ரசீது என்று நினைத்த காகிதம்

“வேலை செய்யல” என்று, என்னிடம் வேலை பார்த்த அந்தம்மாவிடம் சொல்லிவிட்டுத் தப்பித்தவர் எங்கள் ஆபீசில் யாருமில்லை.

“இன்னா வேலை செய்யல? நீங்க இன்னா பண்ணீங்க? அது இன்னா சொல்லுச்சி? நீங்க புரிஞ்சிகினத சொல்லாதீங்க. அது சொன்னத அப்படியே சொல்லுங்க.”

‘அது’ என்பது கம்ப்யூட்டராக இருக்கலாம், கரண்ட் ஆபீஸ் லைன்மேனாக இருக்கலாம், கீழே டீக்கடைக்காரராகவும் இருக்கலாம். ஒருநாள் டீ சொல்லப் போன நான் வெறுங்கையோடு மாடியேறி வந்து, “டீ இல்லையாம்” என்றேன். நான் முதலாளி. என்னையே நிறுத்தி வைத்துக் கேட்டார்: “டீ இல்லன்னாரா, பால் இல்லன்னாரா? இப்ப இல்லன்னாரா, இன்னிக்கே இல்லன்னாரா?”

யோசித்துப் பார்த்தால் அந்த ஆள் சொன்னது “பால் வந்துகினு இருக்குது, செத்த நேரம் ஆவும்” என்பதுதான். சொன்னேன். “அப்ப டீ இருக்குது சார்” என்றார் அந்தம்மா. கேலியே இல்லாத முகம். பிறகு குனிந்து நோட்டில் எதையோ எழுதினார்.

அந்த நோட்டின் மேல்தான் எனக்குச் சந்தேகம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் நீள நோட்டு. தேதி, நேரம், யார் சொன்னது, சொன்ன வார்த்தை. யாருடைய வார்த்தையையும் திருத்த மாட்டார், சுருக்க மாட்டார். போலீஸ் ஸ்டேஷனில் கூட இப்படி எழுதுவார்களா தெரியவில்லை. டீ வரவில்லை என்பதைத் தேதி போட்டு எழுதி வைக்கிற ஆளை எப்படி நம்புவது, நீங்களே சொல்லுங்கள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் எனக்குக் கடை இருந்தது. கடை என்றால் நான் கோபப்படுவேன், ஆபீஸ் என்பேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், பாதி செத்த ஏசி. நகைக்கடைக்கு, அரிசி மில்லுக்கு, நர்சரிப் பள்ளிக்கு வலைத்தளம் கட்டிக் கொடுப்போம். அந்தம்மா சங்கராபுரம் பக்கம். தாலுகா ஆபீஸ் வாசலில் பத்து வருஷம் மனு டைப் அடித்தவர். எல்லாம் ஆன்லைன் ஆனதும் அந்தப் பிழைப்பு கம்மியாகி, தானே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு என்னிடம் வந்தார். நாங்கள் கட்டும் தளங்களைத் தட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்வதுதான் வேலை. என் வயதுதான் இருக்கும். மாதா கோயில் திருவிழாவைத் தவிர லீவே கேட்டதில்லை. லீவு கேட்காத ஆள் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

மனு எழுதுவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. என்ன நடந்தது, எங்கே நடந்தது, யாரைக் கேட்டோம், அவர் என்ன பதில் சொன்னார், இப்போது என்ன வேண்டும். இந்த ஐந்தும் இல்லாத மனுவை டைப் அடிக்கவே மாட்டாராம். அழுதுகொண்டு வருகிறவர்களையும் விடமாட்டாராம். “அழுங்க, வேணான்னு சொல்லல. ஆனா அவரு இன்னா சொல்லி அனுப்புனாருன்னு சொல்லிட்டு அழுங்க.” இதை அவரே பெருமையாகச் சொல்வார். கல் நெஞ்சு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அதே முறையைக் கம்ப்யூட்டரிடமும் நடத்தினார். எங்கள் தளங்களுக்கெல்லாம் அடியில் ஒரு ஃபிரேம்வொர்க் இருந்தது. வீடு கட்ட நிலை, ஜன்னல் எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கிற மாதிரி, வலைத்தளம் கட்டத் தேவையானதை உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் கூடி எழுதி, சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டிருப்பார்கள். யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம், திருத்தியும் அனுப்பலாம். நான் எடுத்துக்கொண்டதோடு சரி. ஏதாவது தப்பானால் அது ஆங்கிலத்தில் ஒரு செய்தி காட்டும். பாதி நேரம் “செல்லாத மதிப்பு” என்று மட்டும் சொல்லும். எந்தக் கட்டத்தில், எதனால், ஒன்றும் கிடையாது.

அந்தம்மா முதல்முறை அதைப் பார்த்துவிட்டுத் திரையை விரலால் தட்டினார். “இது ஆபீஸ்காரங்க பேச்சு சார். மனு நிராகரிக்கப்பட்டதுன்னு சீல் குத்தி அனுப்புவாங்களே, அது. காரணம் சொல்லாம இல்லன்னு சொன்னா, அந்த ஆளு திரும்ப எங்க போவான்?”

“அதுக்கு நான் இன்னா பண்றதும்மா?”

“நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் சார்” என்றார்.

அதற்குப் பிறகுதான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டைப் அடிக்க ஆரம்பித்தார். ஒரு கையில் தயிர்சாதம், ஒரு கை கீபோர்டில். நீளநீளமான ஆங்கிலம். நான் பக்கத்தில் போனால் திரையில் அந்தப் பக்கத்தை மூடிவிடுவார். பதில்கள் வேறு வரும். யார்யாரோ, வெள்ளைக்காரப் பெயர்கள். எனக்கு மண்டை குடைந்தது. அந்தச் சமயம் சின்னசேலத்தில் என்னைப் போலவே ஒருவர் புதிதாகக் கடை திறந்திருந்தார். என் வாடிக்கையாளர் பட்டியலை அந்தம்மாதான் அவருக்குக் கொடுக்கிறார் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். வெள்ளைக்காரனுக்கும் சின்னசேலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சந்தேகத்துக்கு ரோடு மேப் தேவையில்லை.

அந்த வருஷம் எனக்குக் கிடைத்த பெரிய வேலை ஓர் அறக்கட்டளையுடையது. கல்வராயன் மலைப் பெண்பிள்ளைகள் ஆறாவது முதல் தங்கிப் படிக்க அடிவாரத்தில் இலவச விடுதி நடத்துகிறார்கள். விண்ணப்பத்தை ஆன்லைனில் வாங்க ஒரு தளம் கேட்டார்கள். மலையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒருவர் எல்லாருக்கும் பதிந்து கொடுப்பதாக ஏற்பாடு. பதினைந்து நாளில் கட்டிக் கொடுத்தேன். இது நன்றாகப் போனால் அவர்களுடைய பள்ளி, ஆஸ்பத்திரி எல்லா வேலையும் எனக்கு.

மே மாதம் ஒருநாள் அந்தச் சென்டர்காரரிடமிருந்து போன். அந்தம்மாதான் எடுத்தார். பேசிவிட்டு என்னிடம் வந்தார்.

“சில விண்ணப்பத்துக்கு இங்கிலீஷ்ல பெருசா ஒரு பக்கம் வருதாம் சார். அது இன்னா சொல்லுதுன்னு படிங்கன்னு கேட்டேன். லைன் கட்டாயிடிச்சி.”

நான் ஒரு நகைக்கடை வேலையில் மூழ்கிக் கிடந்தேன். எரிச்சலில் என்னவோ சொல்லி அனுப்பினேன். என்ன சொன்னேன் என்று அன்றைக்கே மறந்துவிட்டேன். நோட்டில் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

ஜூன் பிறந்தது. அறக்கட்டளையிலிருந்து நிர்வாகி மேடம் பேசினார். மலையிலிருந்து இந்த வருஷம் விண்ணப்பம் ரொம்பக் குறைவாக இருக்கிறதே, தளத்தில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். ஒரு கோளாறும் இல்லை என்றேன். போனை வைத்ததும் எனக்கு வந்த முதல் யோசனை, கோளாறு என்ற சொல்லை இந்த மேடத்துக்கு யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்பதுதான்.

மறுநாள் சனிக்கிழமை. அந்தம்மா லீவு என்று ஒரு வரி செய்தி அனுப்பியிருந்தார். மலைக்குப் போகிற வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாக என் வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார். அவ்வளவுதான். மெல்ல அவல் கிடைத்துவிட்டது. யாரும் இல்லாத ஆபீசில் அந்தம்மாவின் மேசை டிராயரை இழுத்தேன். பூட்டியிருக்கும் என்று நினைத்தேன், வந்துவிட்டது. அடுத்தவர் டிராயரைத் திறப்பது கேவலம் என்று எனக்குத் தெரியும். திறந்தேன்.

நோட்டு இருந்தது. கடைசியாக எழுதிய பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினேன். மே மாதத் தேதி, மதியம் மூன்று பத்து. “சார் சொன்னது” என்று தலைப்பு. அதன் கீழே:

“இங்கிலீஷ்ல வந்தா வந்துட்டுப் போவட்டும்மா. மலையில இருக்கறவன் படிச்சிடப் போறானா? திரும்பத் திரும்ப அமுக்கச் சொல்லு, எப்பனா ஒண்ணு போய்ச் சேரும்.”

நான் சொன்னதுதான். ஒரு எழுத்து கூடுதல் இல்லை, குறைவு இல்லை. படிக்கும்போது என் குரலே காதில் கேட்டது. சீ, என்ன மனுஷன் நான் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம், இதை எழுதி வைத்து என்ன செய்யப் போகிறார் என்ற பயம் வந்தது. மடியில் கனம் இருக்கிறவனுக்குத்தானே வழியில் பயம்.

திங்கட்கிழமை ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையோடு வந்தார் அந்தம்மா. பஸ்ஸில் வளைந்து வளைந்து இறங்கிய களைப்பு முகத்தில் இருந்தது. பையை என் மேசையில் கவிழ்த்தார். சரசரவென்று பளபளக்கும் காகிதங்கள் விழுந்தன. எல்லாம் லேமினேஷன் போட்டவை. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மேலே சிவப்புப் பட்டை, கீழே ஆங்கிலம், வரி எண்கள், தேதி, நேரம். எங்கள் தளம் உடையும்போது காட்டும் எரர் பக்கம்.

“இத ஏன் லேமினேஷன் பண்ணாங்க?”

“ரசீதுன்னு நெனச்சி சார்.”

சென்டர்காரர் சொன்னதை நோட்டைப் பார்த்துப் படித்தார். “‘சில பேருக்கு நன்றின்னு ஒரே வார்த்தைதான் வந்துச்சிங்க. அது சரியா போவலன்னு நெனச்சேன், அத கேக்கத்தான் ஆபீசுக்குப் போன் போட்டேன். சில பேருக்கு மட்டும் செவப்புக் கலர்ல, இங்கிலீஷ்ல, நம்பரெல்லாம் போட்டு மூணு பக்கம் வந்துச்சி. கவுருமெண்டு காகிதமாட்டமே இருந்துச்சி. அதான் பிரிண்ட் எடுத்துக் குடுத்துட்டேன்.’”

நன்றி வாங்கியவர்கள் வாடிய முகத்தோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். எரர் வாங்கியவர்கள் சந்தோஷமாக அதை லேமினேஷன் போட்டு, டிரங்குப் பெட்டியில் துணிக்கடியில் வைத்து, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்திருக்கிறார்கள். சிரிப்புதான் முதலில் வந்தது. அந்தம்மா சிரிக்கவில்லை.

ஏன் உடைந்தது என்பதையும் அவரே கண்டுபிடித்திருந்தார். விண்ணப்பம் வந்ததும் அந்தப் போன் நம்பருக்கு ஒரு செய்தி போகும்படி நான் எழுதியிருந்தேன். போனே இல்லாத குடும்பங்களுக்குச் சென்டர்காரர் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று நிரப்பியிருக்கிறார். ‘இல்லை’க்குச் செய்தி அனுப்பப் போய் தளம் விழுந்துவிட்டது. விண்ணப்பத்தைச் சேமிக்கும் முன்பே விழுந்துவிட்டது. போன் இருக்கிறவர்களுடையதெல்லாம் போய்ச் சேர்ந்தது. யாரைக் கூப்பிட்டுச் சொல்ல வழியில்லையோ, அவர்களுடையது மட்டும் காணாமல் போனது.

இன்னொன்றும் உண்டு. தளம் கட்டும்போது, கட்டுகிறவனுக்கு உதவியாக எல்லா விவரத்தையும் திரையில் கொட்டுகிற ஒரு சோதனை நிலை இருக்கும். ஊருக்குத் திறந்துவிடும் முன் அதை அணைக்க வேண்டும். ஒரே ஒரு வரி. நான் அணைக்கவில்லை. அணைத்திருந்தால் அந்தச் சிவப்புப் பக்கமே வந்திருக்காது, ரசீது என்று நினைத்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் அந்தத் தப்பே ஒரு நல்லதும் செய்திருந்தது. மூன்றாம் பக்கத்தின் அடியில், நிரப்பி அனுப்பிய விவரம் முழுக்க அச்சாகியிருந்தது: பெண்ணின் பெயர், அப்பா பெயர், ஊர், மதிப்பெண்.

“பதினோரு பேர் சார். பத்து பேருக்கு மூணு பக்கமும் இருக்குது. திரும்ப டைப் பண்ணிட்டேன்.”

“பதினொண்ணாவது?”

தனியாக வைத்திருந்த ஒற்றைக் காகிதத்தை எடுத்தார். யாரும் வந்து வாங்கிப் போகாமல் சென்டரிலேயே கிடந்ததாம். பிரிண்டரில் மை தீர்ந்து முதல் பக்கம் மட்டும்தான் வந்ததாம். சிவப்புப் பட்டை, தேதி, நேரம், எந்த வரியில் உடைந்தது என்ற விவரம். பெயர் இல்லை.

“நம்ம சர்வர்ல இருக்குமா சார்?”

தேடினேன். நேரம் மட்டும் இருந்தது.

கடைசித் தேதி தாண்டி அந்தப் பத்து விண்ணப்பமும் போய்ச் சேர்ந்ததும், அந்த வாரமே அறக்கட்டளையில் கூப்பிட்டார்கள். அந்தம்மாவையும் அழைத்து வரச் சொன்னார்கள். போகும் வழியெல்லாம் அவர் கையையே பார்த்துக்கொண்டு போனேன். அவர் மடியில் நோட்டு.

நிர்வாகி மேடம் சுற்றி வளைக்கவில்லை. “கடைசித் தேதிக்குள்ள விண்ணப்பிச்சிருந்தா இடம் தருவேன். விண்ணப்பிக்கலன்னா தர எங்க விதியில வழி இல்ல. இந்தக் குடும்பங்க விண்ணப்பிச்சாங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

என் வாய் தானாகத் திறந்தது. “மலையில நெட்வொர்க் சரியில்ல மேடம். அங்கேர்ந்து வந்து சேரவே இல்ல.”

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். யாரும் என்னைக் குற்றம் சொல்வதற்கு முன்னாலேயே நான் நெட்வொர்க்கைக் கூட்டி வந்து நிறுத்திவிட்டேன்.

“அப்ப விண்ணப்பம் வரல” என்று மேடம் எதையோ எழுதப் போனார்.

“ஒரு நிமிஷம்ங்க” என்றார் அந்தம்மா. நோட்டைத் திறந்தார். சென்டர்காரர் சொன்னது, தேதியோடு படித்தார். ஒரு தாய் சொன்னது: “‘ரசீது குடுத்துட்டாங்க, பொண்ணுக்குப் பாவாடை கூட தச்சி வெச்சிட்டேன்.’” அதையும் படித்தார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பக்கத்தைத் திருப்பினார். எனக்குத் தெரியும் அடுத்து எது என்று.

நிறுத்தினார். என்னைப் பார்த்தார். “அடுத்தது சார் சொன்னதுங்க. சார் இங்கயே இருக்காரு. அவரே சொல்லட்டும்.”

அப்போது எனக்கு வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். அந்தம்மாவைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம் போலிருந்தது. படித்துத் தொலைத்திருந்தால் நான் மறுத்திருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். படிக்காமல் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டால் நான் எதை மறுப்பது?

“தளம் விழுந்தது என் தப்பால மேடம்” என்றேன். “அவங்க சரியாத்தான் அனுப்பியிருக்காங்க. போன் வந்தப்பவும் நான் கண்டுக்கல.” அமுக்கச் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.

மேடம் அதை எழுதிக்கொண்டார். பிறகு பத்துப் பிள்ளைகளுக்கும் இடம் என்றார். “பதினொண்ணாவது பொண்ணுக்கும் ஒரு கட்டில் ஒதுக்கி வைக்கிறேன். காலாண்டுப் பரிட்சை வரைக்கும். யாருன்னு கண்டுபிடிச்சிச் சொல்லுங்க.”

அறக்கட்டளையின் மற்ற வேலைகள் எனக்கு வரவில்லை. வராது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் சனிக்கிழமைதோறும் அந்தம்மா மலைக்குப் போனார். நான் சம்பளம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என் தர்மம். சென்டர்காரருக்கு ஞாபகம் இருந்தது இவ்வளவுதான்: ஓர் அம்மா, ஒரு பொண்ணு, பொண்ணு ரெட்டை ஜடை. மலையில் ஆறாவது போகிற பெண்களில் ரெட்டை ஜடை போடாதவள் யார்? பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. கர்நாடகா பக்கம் காபித் தோட்டத்துக்குப் பிள்ளைகளோடு போய்விட்டார்கள், எப்போது வருவார்கள் என்று தெரியாது என்றார்களாம் அக்கம்பக்கத்தில். காலாண்டு முடிந்ததும் அந்தக் கட்டிலை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன் அந்தம்மா வேலையை விட்டார். நான் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. டிராயரை அன்றைக்கு அவர் வேண்டுமென்றே பூட்டாமல் போனாரா என்று கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. இன்றைக்கும் அந்தச் சந்தேகம் எனக்குத் தீரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் யாருக்கு எழுதினார் என்பதை அவர் போன பிறகுதான் தேடிப் படித்தேன். அந்த ஃபிரேம்வொர்க்கின் பொதுப் பக்கத்தில் எல்லாம் அப்படியே இருந்தது. சின்னசேலத்துக்காரர் எங்கும் இல்லை. உயர்திரு ஐயா என்று தொடங்கி, பொருள் போட்டு, பணிவுடன் முடிகிற மனு ஆங்கிலம். முதலில் ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். கொஞ்ச நாளில் அவரே, இவ்வளவு தெளிவாகக் குறை எழுதியவர் யாருமில்லை என்று எழுதியிருந்தார். ‘செல்லாத மதிப்பு’ என்ற செய்தி, எந்தக் கட்டம், ஏன் செல்லாது, என்ன கொடுத்தால் செல்லும் என்று மாறியது அந்தம்மா அனுப்பிய திருத்தத்தால்தான். என் ஆபீசில் உட்கார்ந்து செய்தது, எனக்கே தெரியாது.

பிறகு அந்தச் சிவப்புப் பக்கம் பற்றிய மனு. அதன் தலையில் முதல் வரியாக, ‘நீங்கள் அனுப்பியது சேமிக்கப்பட்டிருக்காது, இது ரசீது அல்ல’ என்று போட வேண்டும் என்கிறார். அது கட்டுகிறவர்களுக்கான பக்கம், ஊருக்குத் திறந்த தளத்தில் அதை விட்டுவைப்பது தளம் கட்டியவரின் கவனக்குறைவு, நாங்கள் என்ன செய்வது என்கிறார்கள் அவர்கள். ரொம்ப நாள் இழுத்திருக்கிறது. எரர் பக்கத்தை ரசீது என்று யார் நினைப்பார்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, “எங்கள் மாவட்டத்தில் பதினோரு குடும்பங்கள்” என்று பதில். அந்தத் தளம் யார் கட்டியது என்று கேட்டிருந்தார்கள். என் பெயர் அவருக்குத் தெரியாதா என்ன? எழுதவில்லை. யார் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறவர், அதை மட்டும் விட்டுவிட்டார். அதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது.

இந்த வருஷம் வேறு வேலையாக அந்த ஃபிரேம்வொர்க்கின் புதுப் பதிப்பை இறக்கினேன். வழக்கம்போல் என்னவோ உடைந்தது. சிவப்புப் பக்கத்தின் தலையில் அந்த வரி இருந்தது. உடனே அந்தம்மாவுக்குப் போன் போட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் போன். இப்போது வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனிக்கு இதே வேலைதான் பார்ப்பதாகச் சொன்னார்.

“ஜெயிச்சிட்டீங்கம்மா” என்றேன். “உலகம் பூரா இனிமே எவனும் ஏமாற மாட்டான்.”

மறுமுனையில் நோட்டின் பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

“அந்தப் பொண்ணு இந்த வருஷம் பத்தாவது எழுதியிருக்கணும் சார்” என்றார். “தெனம் ஜெபம் பண்ணும்போது நெனச்சிக்குவேன். பேரு சொல்லி ஜெபம் பண்ணணும்னு பாக்கறேன், பேரு தெரியல.”